பாங்கொக்கா, கோலாலம்பூரா? லப்டொப்போடு 6 மாதம்

உவர்மலைப் பொடியன்: திருகோணமலையில் வீட்டில் இருந்தே ஜேர்மன் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் வேலை செய்கிறேன். ஆறு மாதம் இந்த இரண்டில் ஒன்றில் இருந்து செய்யலாமா என்று யோசனை. அம்மா சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்கிறார்.

நிலாவெளிக் காற்று: தம்பி, முதலில் வீசா, வாடகை அப்புறம். தாய்லாந்து 2024 ஜூலையில் டிடிவி என்று, இப்படி வெளிநாட்டுக் கம்பெனிக்கு லப்டொப்பில் வேலை செய்பவர்களும் எடுக்கக்கூடிய வீசா ஒன்று கொண்டுவந்தது, 5 வருடம் செல்லும், ஒரு தடவை போனால் 180 நாள் இருக்கலாம், ஆனால் 5 லட்சம் பாத் சேமிப்புக் காட்ட வேண்டும். நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். மலேசியாவில் அதே மாதிரி ஆட்களுக்கு இருக்கும் டீ ரன்தாவ் பாஸ் வருமானத்தைப் பார்க்கும், ஐடி ஆட்களுக்கு வருடம் 24,000 டொலருக்கு மேல்.

மூதூர் அக்கா: கோலாலம்பூரில் எட்டு மாதம் இருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சோறு கிடைக்கும், நம் ஊர்ச் சொதியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, எடுத்தால் 2 மாத முற்பணம், கரண்ட் தண்ணிக்கு இன்னும் அரை மாதம் என்று கையைக் கடிக்கும், அறை எடுப்பதே நல்லது. இன்னொன்று, ஜேர்மனியில் கோடையில் மாலை 5 மணி மீட்டிங் என்றால் கோலாலம்பூரில் இரவு 11.

உவர்மலைப் பொடியன்: அக்கா, 24,000 டொலருக்குக் கிட்டவும் நான் இல்லை. சரி, இந்த வருடம் உப்புவெளிக் கடற்கரைதான்.