மேசை விளையாட்டின் கவச எண் கணினிக்குத் தேவையா?

தகட்டுக்கவசம்:
ஆளுக்கொரு வீரனாகப் பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டில் கவசம் அடியின் வலிமையைக் குறைப்பதில்லை. அடி படுவதையே அரிதாக்குகிறது. இருபது பக்கப் பகடையில் விழும் எண்ணோடு தாக்குபவரின் திறமைக்கான எண்ணைச் சேர்த்து, அது எதிராளியின் கவச எண்ணை எட்டினால் அடி விழுந்தது, எட்டாவிட்டால் ஒன்றுமில்லை. ஐந்தாம் பதிப்பில் தகட்டுக் கவசத்துக்கு 18; தோல் கவசத்துக்கு 11, அதனுடன் அணிந்தவரின் சுறுசுறுப்புக்கான எண். தாளும் பென்சிலும் வைத்து ஆடுவோர் ஒரே உருட்டலில் வேலையை முடிக்கச் செய்துகொண்ட சுருக்கம் இது. கணினிக்கு அந்தச் சுருக்கம் தேவையே இல்லை. அதே விதிகளைக் கொண்டு 2023இல் வந்த கணினி விளையாட்டான பால்டர்ஸ் கேட் 3இல், இரும்பில் மூடிய வீரன்மீது இறங்கும் வாள் ‘தவறியது’ என்று முடிந்தால், அது கவசத்தில் பட்டு வழுக்கியதா, அவன் விலகிக்கொண்டானா என்பது விளங்குவதில்லை. அடி பட்டபின் அதன் சேதத்திலிருந்து கவசம் ஓர் எண்ணைக் கழிக்கும் முறைக்கு மாறுவதே சரி என்பேன்.

பகடைப்பை:
கணினியிடம் கூடுதல் கணக்கைக் கொடுத்துப் பார்த்தாயிற்று. 1998இல் வெளியான முதல் பால்டர்ஸ் கேட், அப்போதைய இரண்டாம் பதிப்பின் விருப்ப விதிகளையும் சேர்த்துக்கொண்டது. சங்கிலிக் கவசம் வெட்டுக்கு எதிராக இரண்டு புள்ளி நன்றாகவும், நசுக்கும் அடிக்கு எதிராக இரண்டு புள்ளி மோசமாகவும் காக்கும். ஆயுதங்களுக்கு வேக எண்ணும் உண்டு, குறைந்தால் வேகம் அதிகம்: குத்துவாளுக்கு 2, இருகை வாளுக்கு 10. மேசையில் ஒரு நிமிடமாக இருந்த சண்டைச் சுற்று, திரையில் ஆறு விநாடியாகச் சுருங்கியது. அந்த வேகத்தில், எதிரி என்ன அணிந்திருக்கிறான் என்று பார்த்து வாளை வைத்துவிட்டு நசுக்கும் கதாயுதத்தை எடுத்தவர் எத்தனை பேர்? கணக்கு பின்னால் நடந்துகொண்டிருந்தது. விளையாடுபவர் அதைக் கொண்டு எந்த முடிவும் எடுக்கவில்லை.

தகட்டுக்கவசம்:
அது காட்டிய விதத்தின் குறை, முறையின் குறையன்று. 1997இல் வந்த ஃபால்அவுட் என்னும் கணினி விளையாட்டைப் பாருங்கள். கர்ப்ஸ் என்னும் மேசை விதிகளில் தொடங்கி, பாதி வழியில் சொந்த விதிகளுக்கு மாறிய விளையாட்டு அது. அதன் கவசங்களில் அடி படாமல் காக்கும் எண், சேதத்திலிருந்து நேராகக் கழியும் எண், மிஞ்சியதில் சதவீதமாகக் குறைக்கும் எண் என மூன்று இருந்தன. கழிக்கும் எண் 5 என்று கொள்வோம். ஆறு புள்ளிச் சேதம் தரும் மூன்று குண்டுகள் சேர்ந்து 3 புள்ளியே எடுக்கும். பதினெட்டு புள்ளி தரும் ஒரே குண்டு 13 எடுக்கும். எந்தத் துப்பாக்கியை எடுப்பது என்ற கேள்விக்கு உடனே பொருள் வந்துவிடுகிறது. வெறும் கவச எண் இதைத் தருமா?

மூன்றாம்நடுவர்:
இருவரும் எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மேசையில் அந்த எண்ணை வேலை செய்ய வைப்பவர் ஆட்டத்தை நடத்துபவர். ஒரு புள்ளியில் தவறினால் “வாள் தோள்தகட்டில் தீப்பொறி பறக்க வழுக்குகிறது” என்பார். வாளின் பிடிக்குமிழால் தாடையில் இடிக்கிறேன் என்று நீங்கள் சொன்னால், விதியில் இல்லாவிட்டாலும் ஓர் உருட்டல் கேட்பார். கணினியில் அவர் இல்லை. எனவே அவர் செய்ததை முன்கூட்டியே பொத்தானாக்கி வைக்க வேண்டியிருக்கிறது. பால்டர்ஸ் கேட் 3இல் நீள்வாள் ஏந்தப் பயின்றவருக்குக் குமிழ் இடி, கிழிக்கும் வெட்டு, பாய்ந்து தாக்குதல் ஆகியவை கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு முறை பயன்படுத்திய பிறகு சிறு ஓய்வு எடுத்தால்தான் மீண்டும் கிடைக்கும். மேசை நூலில் நீள்வாளுக்கு இவை எதுவும் கிடையாது. மூலத்தை மீறியதால்தான், எனக்கு மேசையில் சலிப்பூட்டிய போர்வீரன் அங்கே சுவையானவன் ஆனான். இன்னொன்றும் உண்டு. மேசையில் கனமான கவசத்தை அணியப் பத்து நிமிடம் ஆகும். திரையில் பத்து நிமிடம் யார் காத்திருப்பார்கள்? போருக்கு நடுவே கவசம் மாற்றக் கூடாது, மற்ற நேரத்தில் நொடியில் மாற்றலாம் என்று வைத்துவிட்டார்கள். விதியின் எழுத்து போயிற்று, அதன் நோக்கம் தங்கியது.

பகடைப்பை:
நடுவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கழிக்கும் முறையைக் கேள்வி கேட்காமல் விட மாட்டேன். சைபர்பங்க் மேசை விளையாட்டும் கழித்தல் முறையில்தான் இயங்குகிறது. அங்கே கவசத்தை ஊடுருவும் ஒவ்வொரு குண்டும் அதன் தடுப்பு எண்ணையும் குறைக்கும். ஆகவே எவரும் நெடுநேரம் அசைக்க முடியாதவராக நிற்க முடியாது. அதிலிருந்து 2020இல் வந்த கணினி விளையாட்டான சைபர்பங்க் 2077 இந்தத் தேய்மானத்தைக் கைவிட்டு, ஆடைகளின் எண்ணை மட்டும் நிலைக்கு நிலை ஏற்றியது. எண்ணுக்காகப் பொருந்தாத தொப்பியையும் கால்சட்டையையும் மாட்டிக்கொண்டு பலர் திரிந்தார்கள். 2023இன் 2.0 புதுப்பிப்பில், பாதுகாப்பின் பெரும்பகுதி ஆடையிலிருந்து உடலில் பதிக்கும் கருவிகளுக்குப் போயிற்று. தகட்டுக்கவசம் அவர்களே, தேய்மானமில்லாத கழித்தலில் சிறிய எதிரி ஒரு கட்டத்துக்குப் பின் கீறலும் போட முடியாதவனாகிறான். ஐந்தாம் பதிப்பின் கவச எண் 18க்கு அருகிலேயே நிற்பதால், பன்னிரண்டாம் நிலை வீரனும் கோப்லின்கள் என்னும் சிறு எதிரிகள் பத்துப் பேர் சூழ்ந்தால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தகட்டுக்கவசம்:
அப்படியானால் தேய்மானத்தையும் சேர்த்தே கொண்டுவரட்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ஓர் எண்ணை அழித்து எழுதும் அலுப்பு மனிதருக்குத்தான். கணினி அதைச் செய்துவிட்டு, எஞ்சிய தடுப்பைக் கவசத்தின் மேலேயே காட்டலாம். பத்து கோப்லின்களும் அப்போது ஆபத்தானவர்களே: முதல் ஐவர் கவசத்தைத் தேய்ப்பார்கள், மற்ற ஐவர் உடலைத் தொடுவார்கள்.

பகடைப்பை:
ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் கவசத்தைப் பழுதுபார்க்கும் பட்டியலைத் திறந்து மூடிக்கொண்டிருக்க உங்களுக்குப் பொறுமை இருக்கலாம், எனக்கு இல்லை.