எம்எக்ஸ்-5: ஹீல் அண்ட் டோ செய்யக் கால் எட்டவில்லை, பிரேக் பெடலை இன்னும் இறக்கலாமா?

சிவப்பு ரோட்ஸ்டர்:
வணக்கம். லண்டனில் இருக்கிறேன். வண்டி 1992 மஸ்தா எம்எக்ஸ்-5, 1.6 இன்ஜின். ஆறு மாதமாக ஹீல் அண்ட் டோ (பிரேக் போட்டபடியே ஆக்ஸிலரேட்டரையும் தட்டி, இன்ஜின் வேகத்தை ஏற்றிக் கியரை இறக்கும் முறை) பழகியும் பிடிபடவில்லை. பாதத்தின் இடது பாதி பிரேக்கில் இருக்க, வலது விளிம்பால் ஆக்ஸிலரேட்டரைத் தட்ட வேண்டும், தெரியும். ஆனால் ஆக்ஸிலரேட்டர் பள்ளத்தில் கிடக்கிறது. வண்டியை நிறுத்தி அளந்தால் பிரேக்கைவிட 45 மி.மீ. கீழே. போன மாதம் பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக்கில் ட்ரூயிட்ஸ் வளைவுக்கு மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கியபோது ஆக்ஸிலரேட்டரைச் சரியாகத் தட்ட முடியவில்லை. கிளட்சை விட்டதும் பின்சக்கரம் கிறீச்சிட்டு வால் ஒரு ஆட்டம் போட்டது.

அதனால் போன வாரம் பிரேக் பெடலையே இறக்கிவிட்டேன். பெடல் தண்டு மேலே போய் முட்டுமே, அந்த பிரேக் லைட் சுவிட்ச், அதைத் திருகி முன்னால் கொண்டுவந்தால் பெடல் இறங்கி நிற்கிறது. இப்போது கொஞ்சம் எட்டுகிறது. இன்னும் 10 மி.மீ. இறக்கலாமா? இல்லை, அலுமினிய பெடல் கவர் செட் வாங்கவா?

ஸ்பானர் சித்தப்பா:
தம்பி, சுவிட்சை மட்டும் திருகினீர்களா, பெடலோடு சேர்ந்த தள்ளுகம்பி, அந்த புஷ்ராடைத் தொடவில்லையா? அப்படியென்றால் வண்டியை எடுக்காதீர்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி முன்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

சிவப்பு ரோட்ஸ்டர்:
சுற்றினேன் அண்ணா. இரண்டுமே இறுக்கமாக இருக்கின்றன. நேற்று வேலைக்குப் போய் வந்தபோது கருகல் வாசனை வந்தது, புது பேட் வாசனை என்று விட்டுவிட்டேன்.

ஸ்பானர் சித்தப்பா:
நினைத்தேன். சுவிட்ச் பெடலைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருக்கிறது. கால் வைக்காமலே புஷ்ராடு, பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. பிரேக் ஆயில் டப்பாவுக்குத் திரும்பிப் போகும் சின்னத் துளை மூடிவிடும். அப்புறம் ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக இடமில்லாமல் பேடை டிஸ்க்கோடு அழுத்தும், அதனால் இன்னும் சூடாகும். நடுரோட்டில் பிரேக் பிடித்தபடியே வண்டி நின்றுவிடும். சுவிட்சைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். பெடலில் கொஞ்சம் ப்ளே (வெறுமனே அசையும் இடைவெளி) இருக்க வேண்டும், சக்கரம் லேசாகச் சுற்ற வேண்டும், காலை எடுத்ததும் பிரேக் லைட் அணைய வேண்டும். மூன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

45 என்று அளந்ததும் தப்பு. இன்ஜினை ஓடவிட்டு, வளைவுக்கு முன்னால் மிதிக்கிற மாதிரி பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். பிரேக் கீழே போகும் அல்லவா, அந்த நிலையில் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கணக்கு. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் முதலில் பிரேக் லைனில் உள்ள காற்றை எடுங்கள், இல்லாவிட்டால் அளவே மாறிவிடும்.

கோவை வளைவு:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. அந்த மாடலில் ஆக்ஸிலரேட்டர் கேபிள்தான். முப்பது வருடக் கேபிள் தொய்ந்திருந்தால் பெடலின் முதல் பகுதி வெறும் காற்று, தட்டினாலும் இன்ஜினுக்குத் தெரியாது. த்ராட்டில் பக்கம் இரண்டு நட் இருக்கும், தொய்வை எடுங்கள். ரொம்ப இழுத்தால் காலை எடுத்தாலும் இன்ஜின் வேகம் ஐடிலுக்கு இறங்காது, துளி விடுங்கள்.

(பழைய மாசெராட்டி 250எஃப் ரேஸ் காரில் ஆக்ஸிலரேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரத்தில். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஃபாஞ்சியோ 1957-ல் சாம்பியன் ஆனது அதில்தான். உங்கள் பிரச்சினை பரவாயில்லை!)

சிவப்பு ரோட்ஸ்டர்:
சுவிட்சை மாற்றிவிட்டேன், சக்கரம் சுற்றுகிறது, லைட் சரி. அழுத்திப் பிடித்து அளந்தால் வித்தியாசம் 20 மி.மீ. மட்டுமே. கேபிளும் நன்றாகவே தொய்ந்திருந்தது.

ஸ்பானர் சித்தப்பா:
அப்போது 12 மி.மீ. அலுமினியத் தட்டு போதும். ஆக்ஸிலரேட்டர் முகத்தில் போல்ட் போட்டு மாட்டுங்கள், ஒட்டு டேப் வேண்டாம். முழுக்கச் சமமாக்காதீர்கள், பதறி மிதிக்கும்போது இரண்டும் சேர்ந்து அமுங்கும். பிரேக் கொஞ்சம் மேலேயே இருக்கட்டும். கவர் செட் பளபளப்பாக இருக்கும், மழை ஈரத்தில் ஷூ வழுக்கும். பிரேக் ரப்பரைக் கழற்றவே வேண்டாம், வழுவழுப்பான பெடல் என்றால் வருடாந்திர எம்ஓடி வாகனச் சோதனையில் தோல்வி. இன்சூரன்ஸிலும் சொல்லிவிடுங்கள்.

சிவப்பு ரோட்ஸ்டர்:
மாட்டியாயிற்று. பத்துக்கு ஏழு தடவை சத்தமில்லாமல் இரண்டாவது கியர் விழுகிறது. பாதிப் பிழை கேபிளில்தான் இருந்திருக்கிறது போல. ஒரே சிக்கல், மனைவி ஓட்டினால் பிரேக் போடும்போது ஷூ ஓரம் தட்டில் படுகிறது என்கிறாள்.

ஸ்பானர் சித்தப்பா:
தட்டு பிரேக் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இடது ஓரத்தில் 5 மி.மீ. அறுத்து, முனையை உருட்டி ராவிவிடுங்கள். அதுவரை அவரிடம் சாவி கொடுக்க வேண்டாம்.