மூப்படைந்த இதயக் குருத்தணுக்களுக்கு மரபணுவால் இளமையூட்டலாமா?

ஈசூன் கதிரவன்:
என் தந்தைக்கு 74 வயது. இரண்டு முறை மாரடைப்பு வந்தபின், மின்தூக்கியிலிருந்து வீட்டுக்கதவு வரை உள்ள தாழ்வாரத்தைக்கூட நடுவில் ஒருமுறை நிற்காமல் அவரால் கடக்க முடிவதில்லை. அதனால்தான், சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் சஸ்மன் குழுவினர் 2012இல் அறிவித்த ஆய்வு என் மனத்தை விட்டு அகலவில்லை. இதயம் தளர்ந்த முதியவர்களுக்கு இரத்தம் இறைக்கும் கருவியைப் பொருத்தும்போது கிடைத்த திசுவிலிருந்து குருத்தணுக்களை, அதாவது பெருகிப் புதுத் திசுவை உருவாக்கக்கூடும் என்று கருதப்பட்ட மூல அணுக்களை, பிரித்து, அவற்றுள் பிம்-1 என்னும் மரபணுவைச் செலுத்தினார்கள். பெருகும் ஆற்றல் குன்றியிருந்த அணுக்கள் மீண்டும் பெருகின. குரோமோசோம் முனைகளில் உள்ள, வயது ஏற ஏறக் குறுகும் டெலோமியர்கள் என்ற காப்புப் பகுதிகள் நீண்டன. அந்த அணுக்களைச் செலுத்தியபின் சுண்டெலிகளின் புண்பட்ட இதயம் முன்னைவிட நன்றாக இயங்கியது. 2030இல் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்திருக்கப்போகும் நம் சிங்கப்பூரில், பயோபோலிஸ் போன்ற உயிர்மருத்துவ ஆய்வு வளாகத்தையும் வைத்துக்கொண்டு, இந்த வழியில் நாம் ஏன் முனைப்புக் காட்டக்கூடாது?

புங்கோல் மலர்விழி:
கதிரவன் அவர்களே, உங்கள் தந்தை நலம்பெற வேண்டுகிறேன். நான் உயிரணுக்களை வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிபவள். கண்ணாடித் தட்டில் அணுக்கள் மளமளவென்று பெருகுவதைக் கண்டு பூரித்துவிட்டு, அடுத்த மாதமே தலையில் கைவைத்து உட்கார்ந்த அனுபவம் எனக்குண்டு. சஸ்மன் குழு எடுத்தவை சி-கிட் என்ற அடையாளப் புரதம் தாங்கிய அணுக்கள். அவை இதயத் தசையாக மாறும் என்ற கருத்தை 2003இல் முன்வைத்துப் பரப்பியவர் இதய ஆய்வாளர் பியரோ அன்வெர்சா. 2014இல் இன்னோர் ஆய்வாளரான ஜெஃப்ரி மோல்கெண்டின் குழு சுண்டெலிகளில் அந்த அணுக்களைத் தடம்பற்றிப் பார்த்தபோது, அவை தசையணுவாக மாறுவது மிக மிக அரிது என்று தெரிந்தது. 2018இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் பிரிகாம் மருத்துவமனையும் அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப்பெறுமாறு பரிந்துரைத்தன. சஸ்மன் மீது நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால், தசையாகவே மாறாத அணுவுக்கு இளமை திரும்பி என்ன பயன்?

ஈசூன் கதிரவன்:
தசையாக மாறாவிட்டாலும் சுண்டெலியின் இதயம் மேம்பட்டது என்பதை நீங்கள் மறுக்கவில்லையே. அணுக்கள் சுரக்கும் பொருள்கள் அக்கம்பக்கத்துத் திசுவைத் தேற்றியிருக்கலாம். என் தந்தையின் மருந்துப் பெட்டியில் டிஜாக்சின் என்ற இதய மருந்து இருக்கிறது. அதன் மூலச்செடிக்கு உறவான ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலை, நீர் கோத்து உடல் வீங்கும் நோய்க்கு உதவுகிறது என்று ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இலேயே எழுதினார். அந்த மருந்து தசையணுவில் எப்படி வேலை செய்கிறது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் விளங்கியது. காரணம் புரியும்வரை காத்திருந்தால், அதுவரை எத்தனை பேர் மூச்சுத் திணறிப் போயிருப்பார்கள்?

செங்காங் யூசுப்:
தம்பி, ஒரு சிறு ஐயம். ஒருவருடைய அணுவை எடுத்து, மரபணு ஏற்றி, வாரக்கணக்கில் வளர்த்து, அவருக்கே திருப்பிச் செலுத்துவதென்றால் ஆளுக்கொரு மருந்தைத் தனித்தனியாகத் தயாரிப்பதாகிறது. மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பில் இருப்பதைச் சுரண்டி எடுத்தாலும் அதற்குப் போதுமா?

புங்கோல் மலர்விழி:
யூசுப் ஐயா கேட்டது முக்கியமான கேள்விதான், ஆனால் அது மருந்து பலித்த பிறகு வரவேண்டியது. விதரிங்கின் எடுத்துக்காட்டு நல்ல வாதம். ஆயினும் அவர் நோயாளிகளிடம் பலனைக் கண்ணால் கண்டபின் எழுதினார். இங்கே காரணத்தை ஆராய்ந்ததுதான் கதையையே மாற்றியது. 2019இல் அதே மோல்கெண்டின் குழு, உயிருள்ள அணுக்களை ஒரு தொகுதிச் சுண்டெலிகளுக்கும், உறையவைத்துக் கொன்ற அணுக்களை இன்னொரு தொகுதிக்கும் செலுத்திப் பார்த்தது. இரண்டிலும் இதயம் ஒரேபோல மேம்பட்டது. உடலின் எதிர்ப்பாற்றல் அணுக்கள் திரண்டு வந்து தழும்பைச் சீர்செய்ததே அதற்குக் காரணம். செத்த அணுவே அந்த வேலையைச் செய்யுமென்றால், உயிருள்ளதற்கு மரபணு ஏற்றி இளமையூட்டுவது எதற்காக?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிம்-1 முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது சுண்டெலிகளின் நிணநீர்ப் புற்றில். ஒரு வைரஸ் அதன் அருகே போய் ஒட்டிக்கொண்டு அதை முடுக்கிவிட்டிருந்தது. பெருக்கத்தைத் தூண்டும் எதையும் நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். மாரடைப்புக்கு உள்ளான பன்றிகளின் இதயத்தில் தசையணுப் பெருக்கத்தைத் தூண்டும் மைக்ரோ ஆர்என்ஏ-199ஏ என்ற சிறு மூலக்கூறை உருவாக்கும் மரபணுவைச் செலுத்திய 2019 ஆய்வில், ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கித் துடிப்பு வலுத்தது. தூண்டுதல் ஓயாததால், பின்னர் அவற்றில் பெரும்பாலானவை துடிப்பு பிறழ்ந்து திடீரென்று செத்தன. அதற்காக இதயம் புதுப்பிக்கவே முடியாத உறுப்பு என்றும் நான் சொல்லவில்லை. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14 உயிரணுக்களில் பதிந்த அளவை வைத்து அவற்றின் வயதைக் கணக்கிட்டதில், தசையணுக்களில் 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடும் 75 வயதில் 0.45 விழுக்காடும் புதிதாகப் பிறப்பதாக 2009இல் தெரியவந்தது. பணம் போடுவதாக இருந்தால், அந்த அரை விழுக்காட்டைக் கூட்டுவதில் போடலாம் என்பேன்.

ஈசூன் கதிரவன்:
செத்த அணுக்களைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த இடத்தில் என் வாதம் ஆட்டம் காண்கிறது. ஆனால், அதுவும் சுண்டெலியில் கண்டதுதானே? நான் காட்டிய ஆய்வை நீங்கள் அப்படியே ஏற்காததுபோல, நீங்கள் காட்டிய ஆய்வையும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். மேலும் எழுதுவேன், ஆனால் இப்போது முடியாது. உடலில் நீர் கோக்கிறதா என்று அறிய, தந்தையின் எடையைக் காலைதோறும் நாள்காட்டித் தாளில் குறித்து வருகிறோம். முந்தாநாள் 61 கிலோ, இன்று 63.2. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி மறைய நேரமாகிறது. தாதியை அழைக்கப் போகிறேன்.