வருட நடுவில் கம்பத்திலிருந்து இடுக்கிக்குப் பள்ளி மாற்றம்: ஆறாம் வகுப்புப் பையனுக்கு எப்படித் துணை நிற்பது?

ஏலமலை அத்தை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறேன். என் தம்பி மகனைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

தம்பியும் அவன் மனைவியும் தோட்ட வேலை. எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருக்கிறார்கள். பையன் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் கம்பத்தில் அப்பத்தா வீட்டிலிருந்து படித்தான். பிறகு தம்பி அவனை மேலே, மலைக்கு அழைத்துக்கொண்டான். மூன்றும் நான்கும் இங்கே எல்.பி. (தொடக்கப்) பள்ளியில், தமிழ் வழியில். கேரளத்தில் எல்.பி. என்றால் நான்காம் வகுப்போடு முடிந்துவிடும். தமிழ்ப் பிரிவு உள்ள யு.பி. பள்ளி (அடுத்த நிலை, ஐந்தாம் வகுப்பிலிருந்து) தூரம், ஜீப் கூலி கட்டுப்படியாகவில்லை. எனவே ஐந்தாம் வகுப்புக்கு மறுபடியும் கம்பம். இப்போது ஆறாம் வகுப்பில் முதல் பருவம் நடந்துகொண்டிருக்கும்போது என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தேனியில் என் தங்கை வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். பையனைப் பார்த்துக்கொள்ளக் கம்பத்தில் ஆள் இல்லை. மேலே வந்துவிட்டான்.

கீழே இருந்த பள்ளியில் "பருவத் தேர்வு முடியட்டும், டி.சி. தருகிறோம்" என்கிறார்கள். இங்கே போனால் "டி.சி. கொண்டு வாருங்கள், சேர்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். இரண்டு பேரும் நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் பையன் லயத்தில் உட்கார்ந்திருக்கிறான். சில நாள் என்னோடு ஸ்டோருக்கு வந்து கழிவுக் காய் பொறுக்குகிறான். ஏலக்காய் சீசன் நேரம், பிள்ளைக்கும் ஏதாவது வேலை கொடுக்கலாமே என்று ஒருவர் கேட்டபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அவனுடைய கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அட்டை லேபிளில் பெயர் இருக்கிறது, வகுப்பு இருக்கிறது, பள்ளி என்ற இடம் காலி. ஏன் எழுதவில்லை என்றேன். "எழுதினால் பிறகு அடிக்க வேண்டி வரும் அத்தை" என்றான். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

டி.சி. இல்லாமல் சேர்க்க வழி உண்டா? இங்கே ஆறாம் வகுப்பில் இந்தி உண்டு, கம்பத்தில் அவன் அதைத் தொட்டதே இல்லை. மலையாளம் காதில் விழுந்து பழக்கம், எழுதத் தெரியாது. இவற்றை எப்படிச் சமாளிப்பது? இனி மாறவே வேண்டாம் என்று கீழே ஏதாவது விடுதியில் விட்டுவிடலாமா? தம்பி அதைத்தான் சொல்கிறான். அவன் மனைவி அழுகிறாள்.

பீர்மேடு ஓய்வு ஆசிரியர்

சகோதரி, முதலில் சட்டம். 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் பிரிவு 5 உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும். பிள்ளை மாநிலத்துக்குள் மாறினாலும் வேறு மாநிலத்துக்கு மாறினாலும், காரணம் எதுவானாலும், மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும். 'பருவத் தேர்வு முடியட்டும்' என்பதற்கு அதில் இடமே இல்லை. சான்றிதழ் வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. சான்றிதழைத் தாமதிக்கும் தலைமை ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வருட நடுவில் வந்தான் என்று திருப்பி அனுப்பவும் முடியாது, அதைப் பிரிவு 15 பார்த்துக்கொள்கிறது. இந்த உரிமை எட்டாம் வகுப்பு வரை. அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் மாறுவதற்கு உண்டு, கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிக்கு இல்லை.

நாளைக்கே புதிய பள்ளிக்கு ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதுங்கள். பையன் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, கம்பத்துப் பள்ளி கொடுத்த எமிஸ் எண் (மாணவர் அடையாள எண்), பிரிவு 5 என்ற சொல். இரண்டு படி எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் 'அப்புறம் வாருங்கள்' என்று வாயாலேயே அனுப்பிவிடுவார்கள். அப்படியும் நகரவில்லை என்றால் அந்தப் படியோடு ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகம் போங்கள். பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். டி.சி. வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பெற்றோரும் நினைக்கிறார்கள், பள்ளியும் நினைக்கிறது. அந்தத் தாளில் என்ன இருக்கிறது? பிறந்த தேதி, அங்க அடையாளம், நன்னடத்தை. அவனுக்கு வகுத்தல் வருமா, எந்தப் பாடம் வரை நடந்தது, யார் கேட்டால் வாய் திறப்பான், எதுவும் அதில் இல்லை. தெரிந்த ஒரே ஆள் கம்பத்து வகுப்பு ஆசிரியர். அவரிடம் நேரில் போய் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். நடத்திய பாடங்கள், பையன் தடுமாறும் இடங்கள், நன்றாகச் செய்யும் ஒன்றிரண்டு காரியங்கள். கையெழுத்து போதும், முத்திரை தேவையில்லை. ஐந்தாம் வகுப்பு நோட்டுகள் உட்பட எல்லாப் பழைய நோட்டுகளையும் பையில் போட்டுப் புதிய ஆசிரியரிடம் கொடுங்கள். தேர்வு வைத்துக் கண்டுபிடிப்பதைவிடப் பழைய நோட்டு நிறையச் சொல்லும்.

2000க்குப் பிறகு தேயிலை விலை சரிந்து எங்கள் தாலுகாவில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் திருப்பூருக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்த காலம். அப்போது ஒரு பெண் வருட நடுவில் என் வகுப்புக்கு வந்தாள். கையெழுத்து முத்துப்போல இருக்கும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுவாள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடு, கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடு. மந்தம் என்று பெயர் வைத்துவிட்டிருந்தார்கள். அவளுடைய நோட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. தசம எண்களை இரண்டு பள்ளிகளிலும் நடத்தியிருந்தார்கள். பொதுப் பகுதி எண் கண்டுபிடிக்கும் பாடம் இரண்டு இடத்திலும் அவள் இல்லாத மாதத்தில் நடந்துவிட்டது. பொறுமையாக உட்கார வைத்து அந்த ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுத்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. மாறி மாறிப் படிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மூளையில் குறை இருக்காது, நடுவில் விட்டுப்போன சில பக்கங்கள்தான் இருக்கும்.

உங்கள் பையன் விஷயத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்புக்கு முப்பருவப் புத்தகம். அந்த வகுப்பின் பின்னப் பாடம் மூன்றாம் பருவக் கணக்குப் புத்தகத்தில்தான் வரும். முதல் பருவத்திலேயே கிளம்பி வந்தவன் அதைப் பார்த்திருக்க மாட்டான். இங்கே பாடவரிசை வேறு. முன்பே தெரிந்திருக்க வேண்டியதுதானே என்று யாரும் அவனைக் கேட்கக் கூடாது, அதைப் புதிய ஆசிரியரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

இந்தி இங்கே ஐந்தாம் வகுப்பில் தொடங்குகிறது, ஆக ஒரு வருடம் பின்தங்கியிருக்கிறான். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி அதிலிருந்து தொடங்கட்டும். மலையாள எழுத்தையும் இந்தி எழுத்தையும் ஒரே மாதத்தில் திணிக்காதீர்கள். முதலில் மலையாளம், ஏனென்றால் பஸ் பலகையிலும் ரேஷன் கடையிலும் தினமும் கண்ணில் படும். தமிழ் வழியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவே சொல்கிறது. கேரளத்திலும் தமிழ் வழிப் பாடப்புத்தகங்கள் அச்சாகின்றன, இணையத்திலும் இறக்கிக்கொள்ளலாம். தூரம்தான் தடை என்றால் பி.ஆர்.சி. (வட்டார வள மையம்) அலுவலகத்தில் பயண உதவி உண்டா என்று கேளுங்கள், லயத்திலிருந்து போகும் மற்றப் பிள்ளைகளையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

பள்ளத்தாக்கு டீச்சர்

நான் தேனி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. மேலே ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரி போகும் மாணவனுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில், படித்திருக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிப் படிப்பைக் கேட்கிறார்கள். உங்கள் பையன் சரியாக அந்த ஆறாம் வகுப்பில் நிற்கிறான். ஐந்தாம் வகுப்பு வரை எங்கே படித்திருந்தாலும் இந்தக் கவலை இல்லை.

விடுதி என்றால் பயப்பட வேண்டாம். அரசு நல விடுதிகளில், 2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். கம்பம், உத்தமபாளையம் பக்கம் இடம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன். என்னிடம் படித்த எஸ்டேட் பிள்ளைகளில் விடுதியில் இருந்தவர்கள்தான் பன்னிரண்டு வரை ஒரே பள்ளியில் நின்றார்கள்.

சாதிச் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டிக் கேரளத்தில் சலுகை கேட்டால் சிக்கல் வரும், மறுபக்கமும் அப்படித்தான். எங்கே சொந்த ஊர் என்பதைக் குடும்பம் இப்போதே யோசித்துவைப்பது நல்லது.

கொழிஞ்சாம்பாறைக்காரி

நான் பள்ளி மாறி மாறிப் படித்தவள். அப்பாவுக்குத் தேங்காய் உரிக்கும் வேலை. பொள்ளாச்சிப் பக்கம் கொஞ்ச நாள், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கொஞ்ச நாள். அந்தப் பையன் பேசிய ஒரு வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

பாடத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குப் புதிய பள்ளியில் கஷ்டமான நேரம் மத்தியானம்தான். வகுப்பில் டீச்சர் காட்டும் இடத்தில் உட்கார்ந்துவிடலாம். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு எந்தக் கூட்டத்தில் போய் உட்காருவது? முதல் வாரம் முழுக்கக் குழாயடியில் நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறேன். ஒரு பள்ளியில் மட்டும் டீச்சர் எங்கள் தெருப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு "இவள் உன் பொறுப்பு, தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே எல்லாம் காட்டு" என்றார். அந்தப் பள்ளியில்தான் நான் கையைத் தூக்கிப் பதில் சொன்னேன். அத்தை, உங்கள் லயத்திலிருந்து அந்தப் பள்ளிக்குப் போகும் பிள்ளை யார் என்று கண்டுபிடித்து, சேரும் நாளுக்கு முன்பே இரண்டு பேரையும் பழக விடுங்கள்.

இன்னொன்று. கம்பத்துப் பள்ளிக்கு டி.சி. வாங்கப் போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள். என்னை எப்போதும் லீவில் இருக்கும்போதே மாற்றிவிடுவார்கள். கூடப் படித்தவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்ததுதான் இன்றைக்கும் மனதில் முள்ளாக இருக்கிறது.

விடுதி பற்றி டீச்சர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அப்பத்தா விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கும் பிள்ளை. உடனே அம்மாவையும் விட்டுப் போ என்றால் எப்படி? அவனிடம் கேட்டீர்களா?

பீர்மேடு ஓய்வு ஆசிரியர்

டீச்சர் சொன்ன கணக்கை நான் யோசிக்கவில்லை, நல்ல தகவல். அதைத் தம்பியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், முடிவு அந்தக் குடும்பத்துடையது. என் கருத்தைக் கேட்டால், கல்லூரியில் வரப்போகும் ஆயிரத்தைவிட இன்று அவன் ஸ்டோரில் காய் பொறுக்கிக்கொண்டிருப்பதுதான் என்னைப் பதற வைக்கிறது. விடுதி இடம் கிடைத்து, அவனும் மனதோடு சம்மதித்தால் போகட்டும். இடம் வரும் வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். மலை மேலோ கீழோ, இந்த வாரம் ஏதாவது ஒரு வகுப்பறையில் அவன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஏலமலை அத்தை

எல்லோருக்கும் நன்றி. தம்பி, அவன் மனைவி, பையன் மூவரையும் உட்கார வைத்து டீச்சர் சொன்ன ஆயிரம் ரூபாய், 7.5 சதவீதம், விடுதி எல்லாவற்றையும் விளக்கினேன். பையன் அம்மாவோடு இருக்கிறேன் என்றான். பன்னிரண்டு வரை இங்கேயே இருக்கலாமா என்று கேட்டான். எஸ்டேட் மாறினாலும் பள்ளி மாற்ற மாட்டேன் என்று தம்பி அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அது நடக்க வேண்டும் என்றால் ஜீப் கூலியில் பாதியை நான் கொடுத்தாக வேண்டும், கொடுப்பேன்.

விண்ணப்பத்தில் பிரிவு 5 என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் இங்குள்ள பள்ளியில் தலைமை ஆசிரியர் படித்துவிட்டு அன்றே சேர்த்துக்கொண்டார். டி.சி. வாங்கப் பையனையும் கூட்டிக்கொண்டு கம்பம் இறங்கினேன். வகுப்பு ஆசிரியர் ஒரு பக்கம் கேட்டதற்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். வகுத்தலில் மீதி வந்தால் தடுமாறுவான், படம் வரைந்து காட்டினால் புரிந்துகொள்வான், வரைபடம் வரைவதில் வகுப்பிலேயே முதல் என்று இருக்கிறது. அதைப் பையனே சத்தமாக வாசித்துக் காட்டினான். பக்கத்து லயத்தில் அதே பள்ளியில் ஆறாவது படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். இருவரும் ஒரே ஜீப்பில் போகிறார்கள்.

ஒரு உதவி வேண்டும். ஓணப் பரீட்சை நெருங்குகிறது. கேரள ஐந்தாம் வகுப்பு இந்திப் புத்தகம் பழையது யாரிடமாவது இருந்தால் கட்டப்பனை பஸ்ஸில் கொடுத்து அனுப்ப முடியுமா? கடையில் கிடைக்கவில்லை. போனில் இறக்கினால் எழுத்து சிறிதாக இருக்கிறது, லயத்தில் சிக்னலும் இல்லை.