மதுரையில் இருந்து தமிழில் ஒரு உடல்நல சேனல்: ஆறு லட்சத்தை ஸ்டூடியோவில் போடலாமா?

புதூர் பயில்வான்
எல்லோருக்கும் வணக்கம். கே.புதூரில் ஒரு ஜிம்மில் ஏழு வருடமாகப் பயிற்சியாளராக இருக்கிறேன். இரண்டு வருடமாக யூடியூபில் உடற்பயிற்சி, சாப்பாடு பற்றி வீடியோ போடுகிறேன், 14 ஆயிரம் சப்ஸ்கிரைபர்கள், போன மாதம் விளம்பரப் பணமாக வந்தது மூவாயிரத்துச் சொச்சம். இதை முழுநேரத் தொழிலாக மாற்ற நினைக்கிறேன். வீடியோ, பாட்காஸ்ட், வாட்ஸ்அப் சேனல் எல்லாம் ஒரே பெயரில், ஒரு நிறுவனமாக. தமிழில் பார்த்தால் ஒரு பக்கம் பாட்டி வைத்தியம், இன்னொரு பக்கம் சிக்ஸ் பேக், நடுவில் சாதாரண ஆளுக்கு ஒழுங்காகச் சொல்பவர்கள் ரொம்பக் குறைவு.

கையில் ஆறு லட்சம் இருக்கிறது (நகையைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு). அண்ணா நகரில் ஒரு மாடி பார்த்திருக்கிறேன், வாடகை 18 ஆயிரம், பத்து மாத அட்வான்ஸ். ஸ்டூடியோ போட்டு ஒரு எடிட்டரையும் வைத்துவிடலாமா? அப்புறம் ஒரு புரோட்டீன் பவுடர் கம்பெனிக்காரர்கள் மாதம் இரண்டு வீடியோவுக்கு 25 ஆயிரமும் கூப்பன் கமிஷனும் தருகிறேன் என்கிறார்கள். எடுக்கலாமா?

தெப்பக்குளம் நடையாளி
தொழில் விவரம் எனக்குத் தெரியாது தம்பி, பார்க்கிறவன் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். இந்த சேனல் யாருக்கு? என் வீட்டம்மாவுக்கு 52 வயது, சுகர், முட்டி வலி. டாக்டர் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொன்னதும் போனில் தேடினாள். எல்லா வீடியோவிலும் மேட்டை விரித்துத் தரையில் உட்காரச் சொல்கிறார்கள். அவள் தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட நான் வர வேண்டும். நைட்டியில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி, சோறு வேகிற நேரத்தில் செய்து முடிக்கிற மாதிரி பத்து நிமிடத்துக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தால் நான் காசு கொடுத்தே பார்க்கச் சொல்வேன்.

2023-ல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு, நாட்டில் பத்து கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்கிறது. காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றுகிற கூட்டத்தைப் பார்த்தால் அதில் பாதி இங்கேதான் இருக்கிறதோ என்று தோன்றும். நாங்களும் மூன்று சுற்று நடந்து, அருகம்புல் சாறு குடித்துவிட்டு, நேராக வடைக் கடைக்குத்தான் போகிறோம், அது வேறு கதை.

கை சுட்டவன்
தம்பி, நீங்கள் செய்யப்போவதை நான் காளவாசல் பக்கம் செய்து, இரண்டே வருடத்தில் கடையைச் சாத்தியவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஸ்டூடியோ. வேண்டாம். நான் ஒரு லட்சத்துக்கு மேல் கேமராவில் போட்டேன், சுவருக்கு நல்ல பெயின்ட் அடித்தேன், ஆனால் அறைக்குள் பேசினால் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி எதிரொலி, ஜன்னலைத் திறந்தால் சிக்னலில் நிற்கிற பஸ்ஸின் ஹாரன். படம் சுமாராக இருந்தால் நம் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் தெளிவாக இல்லையென்றால் பத்தாவது நொடியில் போய்விடுவார்கள். நல்ல காலர் மைக் ஒன்று, கையில் இருக்கிற போன், காலை வெயில் விழுகிற ஒரு மொட்டை மாடி, ஆரம்பத்துக்கு இது போதும். அட்வான்ஸுக்குக் கொடுக்கப்போகிற ஒரு லட்சத்து எண்பதாயிரம் உங்கள் வீட்டுக்குப் பல மாதச் சாப்பாட்டுச் செலவு, அதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து வருமானம். முழு நீள வீடியோவில் வருகிற விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோ என்றால் நமக்கென்று பிரித்து வைக்கிற பங்கில் 45 சதவீதம். கேட்க நன்றாக இருக்கும். எனக்கு ஒரு ஷார்ட்ஸ் எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள், வந்த பணத்தில் நண்பர்களுக்குக் கறி தோசை வாங்கிக் கொடுத்தேன், அத்தோடு தீர்ந்தது. உண்மையில் என் வாடகையைக் கட்டியது ஆறு வார வாட்ஸ்அப் வகுப்புதான். 499 ரூபாய், ஒரு குழுவுக்கு நாற்பது பேர், தினமும் ஒரு வீடியோ, ஞாயிற்றுக்கிழமை கேள்வி பதில். அதை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும்.

நான் பிடித்தது பவுடரை. உங்களுக்கு வந்த மாதிரியே ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். முதல் இரண்டு வீடியோ ஒழுங்காகப் போனது. மூன்றாவதற்கு அவர்களே வசனம் எழுதிக் கொடுத்தார்கள், அதில் 'சுகர் கட்டுக்குள் வரும்' என்று ஒரு வரி. படித்தேன், மனம் உறுத்தியது, பணம் ஏற்கெனவே கணக்கில் விழுந்திருந்தது, சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து மேலூரில் இருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்து நிற்கிறார். மஞ்சள் பையில் அந்த டப்பா, கூடவே பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. "தம்பி, இதக் குடிச்சா மாத்திரைய நிறுத்திரலாம்ல?" என்று கேட்டார். நிறுத்தாதீர்கள் என்று சொல்லி, டப்பாவுக்கு என் பையில் இருந்து காசு கொடுத்து அனுப்பினேன். கேட்க வந்தது அந்த ஒருவர். கேட்காமலே நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு என்னிடம் இல்லை. அந்த வீடியோவை அன்றைக்கே எடுத்துவிட்டேன், ஆனால் அதற்கப்புறம் கேமரா முன்னால் நின்றால் பேச்சு வரவில்லை.

கணக்குப்பிள்ளை
மேலே அண்ணன் சொன்னது மனசாட்சிப் பக்கம், நான் சட்டப் பக்கம் சொல்கிறேன். சர்க்கரை நோய், உடல் பருமன், ரத்த அழுத்தம் எல்லாம் தீரும் என்று மருந்தை விளம்பரம் செய்யக்கூடாது என்பது 1954-லேயே வந்த சட்டம். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான விளம்பரத்தில் தோன்றுகிறவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் உண்டு, திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. 2023-ல் மத்திய அரசு நெறிமுறையே போட்டிருக்கிறது: காசு வாங்கிப் பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், உடல்நல ஆலோசனை சொல்கிறவர் தன் சான்றிதழைத் தெரிவிக்க வேண்டும். உங்களிடம் பயிற்சியாளர் சான்றிதழ் இருக்கிறதா? இல்லையென்றால் ஆறு லட்சத்தில் முதல் செலவு அதுதான்.

பிரைவேட் லிமிடெட் எல்லாம் இப்போது எதற்கு? வருடா வருடம் ஆடிட் செலவு வரும். சொந்தப் பெயரில் நடத்துங்கள், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி வேண்டாம். புதுத் தொழில்களுக்கு உதவுகிற தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன்-க்கு மதுரையிலேயே வட்டார மையம் இருக்கிறது, டான்சீட் என்று விதை நிதியும் தருகிறார்கள், ஆனால் காசு கொடுத்துச் சேர்ந்த நூறு பேரையாவது காட்ட முடிந்த பிறகு போய்க் கதவைத் தட்டுங்கள்.

மாட்டுத்தாவணி மச்சான்
ஸ்பான்சரே வேண்டாம் என்பது பேச நல்லாத்தான் இருக்கும், வயிறு என்று ஒன்று இருக்கிறதே. பவுடரை விடுங்கள், ஷூ கடை, செக்கு எண்ணெய்க்காரர், சைக்கிள் கடை, இவர்களிடம் கேளுங்கள். ஐயாயிரம்தான் கொடுப்பார்கள், வசனம் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். புரதம் பற்றிப் பேச 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம் இருக்கிறதே, அதைப் பேசுங்கள், ஒருவரும் வழக்குப் போட மாட்டார்கள்.

புதூர் பயில்வான்
எல்லோருக்கும் நன்றி. அண்ணே, மேலூர் அம்மா கதையைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே இல்லை. பவுடர்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, மாடி வீட்டு ஓனரிடமும் சொல்லிவிட்டேன், அவர் இரண்டு நாள் முறைப்பார். சான்றிதழ் இருக்கிறது, ஆனால் ஜிம் சுவரில் மாட்டியதோடு சரி, வீடியோவில் ஒரு தடவைகூடக் காட்டியதில்லை.

நேற்று அத்தையைக் கட்டிலில் உட்காரவைத்து, கணுக்காலைத் தூக்கி இறக்குகிற பயிற்சி ஒன்றைப் படம் பிடித்தேன். நடையாளி ஐயா, உங்கள் வீட்டம்மாவுக்கு முதலில் அனுப்புகிறேன், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவர்கள் செய்து பார்த்துச் சொல்லட்டும். ஒரே ஒரு சிக்கல். ஃபேனைப் போட்டால் மைக்கில் காற்று இரைகிறது, நிறுத்தினால் மூன்று நிமிடத்தில் அத்தை வியர்த்துக் கொட்டி எழுந்து போய்விடுகிறார். இந்த மதுரை வெயிலில் இதற்கு யாராவது வழி கண்டுபிடித்திருக்கிறீர்களா?