சிவகாசி மருந்துதான் மதுரைத் தைராய்டுக்குக் காரணமா?

அரசரடி வாத்தியார்:
எங்கள் தெருக் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. "மதுரையில் வீட்டுக்கு ஒரு தைராய்டு. காரணம் சிவகாசி வெடிமருந்து. நிலத்தடி வழியாக நம் போர் தண்ணீருக்கு வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்துங்கள், கேன் தண்ணீர் குடியுங்கள், ஆறு மாதத்தில் சரியாகும்." கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. மாத்திரையை நிறுத்தச் சொல்ல இவர் யார்?

அவர் சொல்லும் வெடிமருந்தில் உள்ள பொருள் பெர்குளோரேட், பட்டாசு எரிய ஆக்சிஜன் கொடுக்கும் உப்பு. அது தைராய்டைத் தொடும் என்பது உண்மைதான். தைராய்டு செல்லுக்குள் அயோடைடைக் கொண்டுபோக ஒரு கடத்திப் புரதம் உண்டு. பெர்குளோரேட் அயோடைடோடு போட்டி போட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டும் வலு அயோடைடைவிடச் சுமார் 30 மடங்கு. 1950களில் தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு இதையே மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் மதுரைத் தண்ணீரில் இருக்கிறதா? சிவகாசியிலும் மதுரையிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்த ஆய்வு 2013இல் வந்தது. சிவகாசியில் 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, அமெரிக்கா சொல்லும் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் வரம்பைத் தாண்டின. மதுரையில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. ஒன்றுகூட.

வில்லாபுரம் குமார்:
வாத்தியார் சார், மொத்தம் எத்தனை நிலத்தடி நீர் மாதிரி என்று ஏன் எழுதவில்லை? 60. அதில் சிவகாசிக்கு 57 போனால் மதுரைக்கு மூன்று. மூணே மூணு மாதிரியை வைத்துக்கொண்டு மாநகராட்சி முழுவதற்கும் நற்சான்று கொடுக்கிறீர்களா?

அரசரடி வாத்தியார்:
மூன்றோ முப்பதோ, தாண்டவில்லை. குழாய் நீரிலும் எடுத்தார்கள், 0.4 மைக்ரோகிராமைக்கூட எட்டவில்லை. தாண்டியது என்று காட்ட உங்களிடம் ஒரு மாதிரி இருக்கிறதா?

வில்லாபுரம் குமார்:
குழாய் நீரிலும் மொத்தம் மூன்றுதான் சார். மறுபடியும் மூணு.

லேப் மாரி:
ஒரு நிமிஷம். இரண்டு பேரும் 'பாதிப்பு' என்று எதைச் சொல்கிறீர்கள்? அயோடின் உறிஞ்சுவது குறைவதையா, ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் குறைவதையா, தைராய்டைச் சுரக்கச் சொல்லும் டிஎஸ்எச் ஏறுவதையா? மூன்றும் வேறு வேறு. அதை முடிவு செய்யாமல் பேசினால் எங்கே போய் நிற்கும்?

அரசரடி வாத்தியார்:
மாரி தம்பி, அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் தண்ணீர் எப்படி வந்தது என்று குமார் சொல்லட்டும். சிவகாசி வைப்பாற்றுப் படுகை. அந்தப் பக்கத்து நீர் அர்ச்சுனா நதி, வைப்பாறு என்று போய்த் தூத்துக்குடிப் பக்கம் கடலில் சேருகிறது. நமக்கு வருவது வருசநாட்டு மலையில் பிறக்கிற வைகை. இரண்டும் தனித்தனிப் படுகைகள். சிவகாசித் தண்ணீர் விருதுநகர், கள்ளிக்குடி, திருமங்கலம் தாண்டி மேட்டில் ஏறி வில்லாபுரத்துக்கு வருமா? பள்ளிக்கூடப் பையன்கூட இதைச் சொல்லிவிடுவான்.

வில்லாபுரம் குமார்:
தண்ணீர் வர வேண்டியதில்லை, பட்டாசே வருகிறது. தீபாவளி ராத்திரி எங்கள் தெருவில் குவிகிற குப்பையை வந்து பாருங்கள். மறுநாள் மழை பெய்தால் அந்தச் சாம்பலும் சிவப்புக் காகிதமும் கரைந்து வாய்க்காலில் கறுப்பாக ஓடும். அது எங்கே இறங்குகிறது? எங்கள் தெருவுக்குள்தான். அந்த மூன்று மாதிரி தீபாவளிக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா? அதையும் சொல்லுங்கள்.

அரசரடி வாத்தியார்:
முதலில் நிலத்தடி என்றார்கள், இப்போது தீபாவளி என்கிறீர்கள். நாளை பொங்கலுக்கு வருவீர்கள். மதுரையில் தாண்டவில்லை.

சாத்தூர் செல்வி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருக்கிறேன். மதுரையில் தாண்டவில்லை, மதுரையில் தாண்டவில்லை. தாண்டிய 17 கிணறு யாருடையது? அந்த ஆய்வில் உச்ச அளவு எவ்வளவு என்று வாத்தியார் எழுதவில்லையே. நான் எழுதுகிறேன். லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 70 வரை பரவாயில்லை என்கிறது. நூறு மடங்குக்கு மேல். எங்கள் பக்கத்துப் பெண்கள் பட்டாசு ஆலை ரூமில் மருந்து செலுத்திவிட்டு, விரல் இடுக்கில் வெள்ளிப் பொடியோடு வந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் உலை வைப்பார்கள். உங்களுக்கு உங்கள் போர் சுத்தமாக இருந்தால் போதும், இல்லையா?

அரசரடி வாத்தியார்:
செல்வி அம்மா, நான் பேசியது வாய்ஸ் மெசேஜைப் பற்றி. அதில் மதுரை என்றுதான் சொன்னார்கள். மதுரைக்குப் பதில் சொன்னேன்.

சாத்தூர் செல்வி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். கேள்வியும் மதுரைக்கு, பதிலும் மதுரைக்கு. பட்டாசு மட்டும் எங்களிடமிருந்து.

உசிலை மல்லித்தோட்டம்:
பட்டாசை விட்டால் அடுத்து பூச்சிமருந்து என்று எங்கள் தலையில் கட்டுவீர்கள். போன மாதம் இதே இடத்தில் ஒருவர் "உசிலம்பட்டிக்காரன் தெளிக்கிற மருந்தால்தான் தைராய்டு" என்று எழுதினார். அது யார் என்று எனக்கு மறக்கவில்லை.

வில்லாபுரம் குமார்:
எழுதியது நான்தான் அண்ணே. எம்-45 என்று மஞ்சள் பொடி வாங்கித் தெளிக்கிறீர்களே, அது மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி. அது சிதைந்தால் எத்திலீன் தயோயூரியா வரும். சூடுபடுத்தினால் இன்னும் கூடுதலாக வரும், தக்காளியை வேகவைத்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அயோடினைச் சேர்த்துத் தைராய்டு ஹார்மோனை உருவாக்குகிற பெராக்சிடேஸ் நொதியையே அது தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மாங்கோசெப்புக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது.

உசிலை மல்லித்தோட்டம்:
ஐரோப்பாக்காரன் தக்காளியில் இலைக்கருகல் வந்தால் எனக்குச் சொல்லட்டும். பரவை மார்க்கெட்டில் ஒரு புள்ளி விழுந்த தக்காளியை எடுக்கிறீர்களா நீங்கள்? புள்ளியும் இருக்கக் கூடாது, மருந்தும் அடிக்கக் கூடாது. டேங்கில் கலக்கும்போது அந்தப் பொடி என் கையில்தான் படுகிறது, உங்கள் கையில் இல்லை. எனக்குத்தானே முதலில் தைராய்டு வந்திருக்க வேண்டும்? வரவில்லை.

லேப் மாரி:
டெஸ்ட் எடுத்துப் பார்த்தீர்களா அண்ணே?

உசிலை மல்லித்தோட்டம்:
நல்லா இருக்கிறவன் எதற்கு டெஸ்ட் எடுக்க வேண்டும்?

அரசரடி வாத்தியார்:
எல்லோரும் திசை மாற்றுகிறீர்கள். நான் கடைசியாக ஒருமுறை எழுதுகிறேன். 2002இல் ஒரு சோதனை வந்தது. ஆரோக்கியமான 37 பேருக்கு 14 நாள் பெர்குளோரேட்டைக் குடிக்கக் கொடுத்தார்கள். அதிகபட்ச அளவு, தினமும் உடல் எடை கிலோவுக்கு அரை மில்லிகிராம். அந்த அளவு குடித்தவர்களுக்கு அயோடின் உறிஞ்சுதல் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஆனால் ரத்தத்தில் ஹார்மோன் குறையவில்லை. ஏன்? தைராய்டு தன் சரக்கை வாரக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். டி4 வெளியே வந்தபிறகும் அதன் அரை ஆயுள் சுமார் ஒரு வாரம். இது எதுவும் தெரியாமல் ஒருவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார், அதற்கு இங்கே வக்கீல்கள்.

இன்னொன்று. பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி போன்ற ரசாயனங்கள் கல்லீரல் நொதியைத் தூண்டி டி4ஐப் பித்தநீரில் வெளியேற்றிவிடும் என்று எலியில் காட்டியிருக்கிறார்கள். எலியில் டி4 அரை ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. நம்மிடம் ரத்தத்தில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் இருக்கிறது, வளர்ந்த எலியிடம் அது மிகக் குறைவு. எலிக்கு நடந்ததை எல்லாம் எல்லீஸ் நகர்க்காரர் தலையில் ஏற்ற முடியாது. அப்புறம், மதுரையில் தாண்டவில்லை.

லேப் மாரி:
சார், அந்த 37 பேரில் கர்ப்பிணி எத்தனை? ஒருவரும் இல்லை. அயோடின் குறைவாக இருப்பவர் எத்தனை? 14 நாளில் சேமிப்பு தீராது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் வருஷக்கணக்கில் குடித்தால் என்ன ஆகும் என்று அந்தச் சோதனை எப்படிச் சொல்லும்? வயிற்றில் இருக்கும் குழந்தை முதல் மூன்று மாதம் அம்மாவின் டி4ஐத்தான் நம்பியிருக்கிறது. பிறந்த குழந்தையின் சுரப்பியில் சேமிப்பு ஒரு நாளுக்குத்தான் காணும். சாத்தூர்க்காரர் கேட்பது அவர்களைப் பற்றி. அதனால்தான் முதலிலேயே 'பாதிப்பு' என்றால் என்ன என்று கேட்டேன்.

அரசரடி வாத்தியார்:
தம்பி, நீங்கள் லேபில் ரத்தம் எடுக்கிறீர்கள், சந்தோஷம். நான் ஆயுசு முழுக்க வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். என்னிடம் வரையறை கேட்க வேண்டாம்.

லேப் மாரி:
நான் எடுக்கிற ரத்தத்தில்தான் சார் உங்கள் டி4 இருக்கிறது.

மேலூர் அக்கா:
எட்டு நகரங்களில் எடுத்த ஆய்வில் பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைவு என்று வந்ததே, அதில் மதுரை உண்டா?

லேப் மாரி:
இல்லை அக்கா. தமிழ்நாட்டில் சென்னை மட்டும்தான். 2013இல் வந்தது, 10.95 சதவீதம். ஐந்தில் ஒருவருக்கு மேல் சொந்த உடலே தைராய்டை எதிர்க்கும் ஆன்டிபாடி இருந்தது. அவர்களுக்குக் கேன் தண்ணீர் எதுவும் செய்யாது.

அரசரடி வாத்தியார்:
இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

வில்லாபுரம் குமார்:
நீங்கள் முதலிலிருந்து சொன்னது 'ஒன்றுகூடத் தாண்டவில்லை' மட்டும்தான் சார். ஆன்டிபாடி என்ற சொல்லே உங்கள் பதிவில் இல்லை. அயோடின் உப்பு பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், அடுத்தவர் சொன்னதை எடுத்துக்கொண்டீர்கள்.

அரசரடி வாத்தியார்:
அயோடின் உப்பு விவாதத்தில் கல்லுப்புக்கு வக்காலத்து வாங்கியது யார்? 2006இல் மத்திய அரசு அயோடின் சேர்க்காத உப்பை விற்கத் தடை போட்டது என்பதே உங்களுக்கு அன்றைக்குத் தெரியாது. தெரியாதவர் இன்றைக்கு எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார்.

வில்லாபுரம் குமார்:
கணக்கு சின்னதுதான் சார். 60 கழித்தல் 57.

சாத்தூர் செல்வி:
உங்கள் சண்டையில் ஒரு பயனுள்ள வார்த்தை வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் சொல்கிறேன். கொதிக்க வைத்தால் பெர்குளோரேட் போகாது, தண்ணீர் சுண்டினால் செறிவுதான் கூடும். ஆர்ஓ வைத்தால் பெரும்பகுதி குறையும். இந்தியக் குடிநீர்த் தரக் கட்டுப்பாட்டில் பெர்குளோரேட்டுக்கு வரம்பே கிடையாது. அதனால் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அரசரடி வாத்தியார்:
ஆர்ஓ கம்பெனி விளம்பரம் இங்கே வேண்டாம் அம்மா.

சாத்தூர் செல்வி:
எந்தக் கம்பெனி பெயரை நான் சொன்னேன்? எடுத்துக் காட்டுங்கள்.

உசிலை மல்லித்தோட்டம்:
என்மேல் போட்ட பழிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வில்லாபுரம் குமார்:
பழி இல்லை அண்ணே, எத்திலீன் தயோயூரியா. வாத்தியார் சார், மதுரையில் ஒரு முப்பது இடத்திலாவது எடுக்கட்டும், வண்டியூர் கண்மாய், செல்லூர் கண்மாய் உட்பட. தீபாவளிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. அப்புறம் நீங்கள் பேசுங்கள்.

அரசரடி வாத்தியார்:
நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள். அதுவரை இருக்கிற ஆதாரம் இதுதான், மதுரையில் தாண்டவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அந்த வாய்ஸ் மெசேஜை மட்டும் யாரும் பரப்பாதீர்கள்.

வில்லாபுரம் குமார்:
அதை இங்கே கொண்டுவந்ததே நீங்கள்தான். நான் மாத்திரையை நிறுத்தச் சொன்னேனா? என் அம்மா தினமும் வெறும் வயிற்றில் போடுகிறார். நான் கேட்டது மூன்று மாதிரியைப் பற்றி.