கடலே இல்லாத ஊர்க்காரங்க மனசுல கடற்கரைப் படத்தை வரையறது யாரு?

நொய்யல்கரை (திருப்பூர்):
நம்ம பக்கம் கடல் இல்லீங்க. கடற்கரை எப்படியிருக்கும்னு நமக்குச் சொல்றது செல்போன்தான். மே மாசம் குடும்பத்தோட பாண்டிச்சேரி போனோம். ரீல்ஸ்ல பார்த்தது அகலமான மணல். கடற்கரைச் சாலையில நாங்க நின்ன இடம் பூராவும் கருங்கல் குவியல். மணல் வாளியைக் கையில வெச்சுக்கிட்டுக் கல்லு மேலயே உக்காந்துட்டா என் சின்னவ. அரை நிமிசப் படத்தை நம்ப வெச்சு ஏமாத்தறாங்க.

சென்னிமலைக்காரி:
படம் பொய் சொல்லலீங்க. 1980-களில் தெக்கால துறைமுகத்துக்குக் கட்டுன அலைதடுப்புச் சுவர், வடக்கே நகர்ற மணலை மறிச்சிருச்சு. நகரத்துக் கரை அரிச்சுப்போகவே கல்லைக் கொட்டுனாங்க. 2018 வாக்கில கடலுக்கடியில செயற்கைத் திட்டு வெச்ச பிறகு, தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல மணல் திரும்பியிருக்கு. ரீல்ஸ் அங்க எடுத்ததா இருக்கும்.
எங்க வீட்டுல கடல்னா ராமேஸ்வரம். அக்னி தீர்த்தம் குளத்தாட்டம் இருக்கும்னு அப்புச்சி சொல்வாரு. போய்ப் பார்த்தேன், அப்படியேதான் இருந்துச்சு. ஒறம்பரை சொன்னா நம்பலாம்.

ஆனைமலை அடிவாரம்:
அக்கா, அதை நான் ஒத்துக்கமாட்டேன். அந்தக் குளத்தை நெனச்சுத்தான் எங்க பெரியப்பா ஜூன் மாசம் கொச்சிக்குப் பக்கத்துல செராய் கடல்ல இறங்கினாரு. தென்மேற்குப் பருவக்காத்து வீசற நேரம். இடுப்பளவு தண்ணியிலயே காலடி மணலை அலை உருவிருச்சு. ரெண்டு பேரு சேர்ந்து இழுத்துத்தான் கரைக்குக் கொண்டாந்தாங்க. ஆடிப்பட்டம் பார்த்து விதைக்கிற மனுசன், கடலுக்கு மட்டும் மாசம் கேக்கலை.
நான் சுற்றுலா படிக்கிறேன். ஓர் ஊரைப் பத்தின பிம்பத்தை 1972-ல க்ளேர் கன்னுங்கற சுற்றுலா ஆய்வாளர் ரெண்டாப் பிரிச்சாரு. பேச்சு, செய்தி, பாடப்புத்தகம் வழியாத் தானாப் படியறது ஒண்ணு, விளம்பரம் பதிய வைக்கிறது இன்னொண்ணு. இன்னைக்கு மாமன் மகன் ஒரு ரிசார்ட்ல இருந்து ரீல்ஸ் போட்டா, அது எந்தக் கணக்கு?

நொய்யல்கரை:
மாசம் கேட்டிருந்தாலும் கல்லு கல்லுதானே தம்பி? படம் போடறவங்க எந்த இடம், எப்ப எடுத்ததுன்னு எழுதணும். அது அவங்க கடமை.

சென்னிமலைக்காரி:
எழுதினாலும் மனசுல நிக்காதுங்க. உங்க பாப்பாவுக்கு இனிப் பாண்டின்னா அந்தக் கல்லுதான்.

நொய்யல்கரை:
ஆமாங்க, இப்பவே “கல்லுக் கடல்”னுதான் சொல்றா. டிசம்பர்ல ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம்.

ஆனைமலை அடிவாரம்:
டிசம்பர் வேண்டாமுங்கண்ணா. வடகிழக்குப் பருவம் ஓயட்டும். தனுஷ்கோடியை அழிச்ச 1964 புயலும் டிசம்பர்லதான் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல ரெண்டு நாள் லீவு சொல்லிட்டுப் பிப்ரவரியில போங்க.